பதினைந்து குடம் தண்ணீருக்கு நாலு கால்!

வீட்டுக்கு மீன் வந்தால் நேரே அடுப்படிக்குத்தான் போகும் என்பது ராயபுரத்துச் சம்பிரதாயம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? வஞ்சிரமோ, வவ்வாலோ, சங்கராவோ, எதுவாக இருந்தாலும் அரிவாள்மணைக்குத் தப்பியதில்லை. ஆனால் சில வீடுகளில் சில மீன்கள் மட்டும் அடுப்படிப் பக்கமே தலை காட்டாமல், நடுக்கூடத்தில் ராஜோபசாரத்தோடு குடியிருக்கின்றன. வேளா வேளைக்கு ஆகாரம், விளக்கு வெளிச்சம், சுவாசிக்கக் காற்று! வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை சௌகரியம் கிடைப்பது சந்தேகம்.

நகரின் பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகும் வரை பொன்மீன் வாங்க அங்கேதான் போவார்கள். இன்று வடசென்னைக்காரர்கள் அதிகம் போவது கொளத்தூருக்கு. வண்ண மீன் வளர்ப்பிலும் விற்பனையிலும் பெயர் போன இடம் அது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு "சும்மா பார்த்துவிட்டு வருவோம்" என்று புறப்படுகிற குடும்பம், சாயங்காலம் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியோடு திரும்பி வருவது சர்வ சாதாரணம்.

மீனைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். தொட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். இவையெல்லாம் எதன்மேல் நிற்கப் போகின்றன என்ற கேள்வி மட்டும், தொட்டி வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் எழுகிறது.

"அந்தப் பழைய டீப்பாய் இருக்கிறதே!" என்கிறார் வீட்டுக்காரர்.

"தையல் மிஷின் மேஜை சும்மாதானே கிடக்கிறது?" என்கிறார் மாமியார்.

இரண்டும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதையும், அதற்குப் பதிலாகக் கெட்டியான ஸ்டாண்டு ஒன்றை வீட்டிலேயே எப்படிச் செய்துகொள்வது என்பதையும் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தண்ணீரின் கனம்

முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், மளிகைக் கணக்கைவிடச் சுலபமானதுதான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் 9 கன அடி. ஒரு கன அடியில் 28 லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். ஆகத் தொட்டி நிரம்ப 255 லிட்டர். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 227 லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த தொட்டியானால் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 50 கிலோ. அடியில் பரப்புகிற கூழாங்கல்லும் மணலும் ஒரு 35 கிலோ. எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டி விடுகிறது.

வடசென்னைப் பெண்களுக்குத் தண்ணீரின் கனத்தைப் பற்றிப் பாடம் நடத்த எந்த இன்ஜினீயராலும் முடியாது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள், அடிபம்பை அடித்துக் கை காய்த்தவர்கள், மாடிப்படியில் இடுப்புக் குடத்தோடு ஏறியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், சுமார் 15 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குடத்தால் 15 குடம் தண்ணீர். அத்துடன் மூன்று சிப்பம் 25 கிலோ அரிசியைத் தொட்டிக்கும் கல்லுக்குமாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

குடத்தை இடுப்பில் வைத்தால் பத்து நிமிஷத்தில் இறக்கி விடலாம். இந்தப் பதினைந்து குடத்தை இறக்கி வைக்கிற பேச்சே இல்லை. ராத்திரி பகல் பாராமல், நாம் ஊருக்குப் போயிருக்கும் நாளிலும், வருஷக் கணக்கில் சுமந்துகொண்டே நிற்க வேண்டும். டீப்பாயை அந்த வேலைக்கு யாரும் செய்யவில்லை. பாவம், அது நாலு காப்பித் தம்ளருக்காகப் பிறந்தது!

தொட்டி உடைந்தால் என்ன ஆகும் என்றும் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் 227 லிட்டர் தண்ணீரும் கொட்டினால் தரை முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். அதில் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். பக்கத்தில் மின்சார வயர் இருக்கும். பாயில் குழந்தை படுத்திருக்கும். ஆகையால் ஸ்டாண்டு விஷயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

அந்த நாள் தொட்டியும் இந்த நாள் தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் மோகம் இங்கிலாந்தில் பிறந்தது. 1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் பொது ஜனங்கள் பார்ப்பதற்கென்று மீன் காட்சிக்கூடம் திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் கோஸ் என்ற இயற்கையியல் அறிஞர் 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதே, அதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய சமாசாரம். சென்னையிலும் 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. எழும்பூர் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்காக முயற்சி எடுத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது.

அந்தக் காலத்துத் தொட்டிக்கும் இன்றைய தொட்டிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அப்போது இரும்புச் சட்டம் கட்டி, அதில் கண்ணாடியைப் பொருத்தி, இடுக்கில் மக்கு வைத்து அடைப்பார்கள். அடித்தட்டு பல தொட்டிகளில் கற்பலகையாகவே இருக்கும். பாரத்தில் பெரும் பங்கை அந்த இரும்புச் சட்டமே தாங்கிக் கொள்ளும். 1960-களில் சிலிகோன் பசை வந்தது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டி விடலாம் என்றாயிற்று. பார்வைக்கு அழகு, விலையும் மலிவு. ஆனால் முன்பு இரும்புச் சட்டம் செய்த வேலையை இன்று யார் செய்வது? ஸ்டாண்டுதான் செய்ய வேண்டும்.

கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. நேராக அழுத்தினால் பொறுத்துக் கொள்ளும்; முறுக்கினால் பொறுக்காது. ஸ்டாண்டின் நாலு மூலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், மேலே இருக்கும் தொட்டியை யாரோ துணி பிழிவது போல முறுக்கிக்கொண்டே இருப்பதாக அர்த்தம். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. என்றைக்கோ ஒரு நாள், எவரும் தொடாதபோது, 'படீர்' என்று விரிசல் விடும்.

இடம் பார்த்து வை

ஸ்டாண்டுக்கு மரம் வாங்குவதற்கு முன்னால் அது நிற்கப் போகிற தரையைப் பாருங்கள். கீழ்த்தளமாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. மாடியானால் யோசிக்க வேண்டும்.

வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் தாங்கும் கணக்கில் அமைய வேண்டும் என்பது இந்தியக் கட்டட விதி. நம் தொட்டி தான் நிற்கும் இடத்தில் மட்டும் அந்த அளவுக்கு மூன்று மடங்கு அழுத்துகிறது. இதனால் உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. அறை முழுவதும் அப்படி நிரம்பியிருக்கப் போவதில்லை அல்லவா? ஆனால் அறையின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, அதிலும் கீழ்த்தளத்திலிருந்தே எழும்பி வருகிற பாரச் சுவரின் ஓரமாக வைத்தால் தளத்துக்குச் சிரமம் குறைவு.

ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெர்ரஸ் என்ற தளத்தைப் பார்க்கலாம். மர உத்தரங்கள் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டது. அத்தகைய மாடியில் தொட்டியின் நீளப்பக்கம் உத்தரங்களுக்குக் குறுக்கே வரும்படி வையுங்கள். நாலைந்து உத்தரங்கள் பாரத்தைப் பங்கு போட்டுக் கொள்ளும். உத்தரம் போகும் திசையிலேயே வைத்தால் ஒரே உத்தரத்தின் தலையில் அத்தனையும் விழும். உத்தரத்தின் முனை சுவருக்குள் செல்லும் இடத்தில் கரையான் அரிப்போ ஈரமோ தெரிந்தால், மாடியில் பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம்.

கான்கிரீட் மாடியானால் கீழ்வீட்டுக் கூரையை ஒரு பார்வை பார்த்து வாருங்கள். பூச்சு பெயர்ந்து துருக்கம்பி தெரிந்தால் அதுவும் எச்சரிக்கைதான். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் விட்டு வைப்பதில்லை. சந்தேகம் இருந்தால் கட்டட இன்ஜினீயர் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டுவிடுவது உத்தமம்.

வெயில் நேரே விழும் ஜன்னல் ஓரமும் கூடாது. அங்கே வைத்தால் நாலே நாளில் மீனுக்குப் பதில் பாசிதான் தெரியும்.

என்ன மரம்?

தேக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். விலையைக் கேட்டால் கண்ணைத் திறக்க வேண்டியிருக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்குக் கட்டைகள் விலைக்கு வந்தால் விடாதீர்கள். அறுபது எழுபது வருஷம் உலர்ந்த மரம் இனி வளைந்து கொடுக்காது. ஆணி அடித்த துளைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும்.

துறைமுகத்தை அடுத்த பகுதி என்பதால், வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகளும் சரக்குப் பலகைகளும் மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பூச்சி ஒழித்தது என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது வேண்டாம். எண்ணெய்க் கறை பட்ட மரத்தையும் தள்ளிவிடுங்கள். பைன் மிருதுவான மரம். கணு இல்லாத, பிளவு இல்லாத கட்டையாகப் பொறுக்க வேண்டும்.

பிளைவுட் வாங்கும்போது தண்ணீருக்குத் தாங்கும் '710' ரகம் என்று கேட்டு வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பளபளவென்று இருக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊறிய அப்பளம்தான்!

வேலையைத் தொடங்குவோம்

நம் நாலடித் தொட்டிக்கு இரண்டரை அடி உயர ஸ்டாண்டு போதும். நாற்காலியில் உட்கார்ந்தால் மீன்கள் கண்ணுக்கு நேராக நீந்தும். தேவையான சாமான்கள் இவை:

மேல்சட்டத்துக்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டையில் 48 அங்குல நீளம் இரண்டு, 14 அங்குல நீளம் மூன்று. கால்களுக்கு 3 அங்குலச் சதுரக் கட்டையில் 25 அங்குல நீளம் நாலு. கீழே கால்களை இணைக்க 3 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டையில் 42 அங்குலம் இரண்டு, 12 அங்குலம் இரண்டு. மேலே விரிக்க முக்கால் அங்குல பிளைவுட் 48-க்கு 18. முதுகுக்கு அரை அங்குல பிளைவுட் 48-க்கு 29. பக்கங்களுக்கு அதே பிளைவுட்டில் 18-க்கு 29 அளவில் இரண்டு. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குருக்கள், மரப் பசை. இழைத்த பிறகு கட்டை கால் அங்குலம் குறையலாம். ஆகவே கையில் வந்த கட்டையை அளந்த பிறகே மற்றதை அறுக்க வேண்டும்.

முதலில் மேல்சட்டம். இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே குட்டைக் கட்டைகள் மூன்றையும், முனைக்கு ஒன்றும் மத்தியில் ஒன்றுமாக வைத்துப் பசை தடவி ஸ்குரு போடுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு விதமாகவும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரமாக இருக்கிறது.

நீளக் கட்டையை எப்போதும் நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். படுக்கப் போடக் கூடாது. காரணம் தெரிய வேண்டுமா? குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, அகலம் படுக்கையாக இருக்கும்படி இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்து விரலால் அழுத்துங்கள். வில்லாக வளையும். அதையே விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி அழுத்துங்கள். அசையாது. 4-க்கு 2 கட்டையை நிறுத்தினால், படுக்கப் போட்டதைப்போல் நாலு மடங்கு விறைப்பு. நல்ல உறுதியான மரமாக இருந்தால் நம் தொட்டியின் பாரத்தில் நிறுத்திய கட்டை ஒரு மில்லிமீட்டர்கூட வளையாது. படுத்த கட்டை சுமார் 3 மில்லிமீட்டர் தொய்யும். கண்ணாடிக்கு அந்த 3 மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

அடுத்தது கால். இங்கேதான் அநேகர் இடறுகிறார்கள். காலைச் சட்டத்தின் பக்கவாட்டில் வைத்து நாலு ஸ்குரு போட்டு விடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாரம் முழுவதும் அந்த ஸ்குருக்களில் தொங்குகிறது. சுவர் ஆணியில் காலண்டர் தொங்கலாம், தண்ணீர்க் குடத்தைத் தொங்க விடலாமா? கால் சட்டத்துக்கு அடியில் இருக்க வேண்டும். மரத்தின் மேல் மரம் உட்கார்ந்து, பாரம் நேரே தரைக்கு இறங்க வேண்டும். ஸ்குருவுக்கு அந்தந்தக் கட்டையை இடம் பெயராமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

வீட்டில் செய்ய நேரம் இல்லாமல் ஆசாரியை அழைத்துச் செய்தாலும் இந்த ஒன்றை வீட்டு அம்மாள் கவனிக்க வேண்டும்.

"அண்ணே, காலைச் சட்டத்துக்கு அடியிலே கொடுங்க. பக்கத்திலே வச்சு ஸ்குரு போட வேண்டாம்."

"அதெல்லாம் தாங்கும்மா!"

"தாங்கும் அண்ணே, எத்தனை வருஷம்னு சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நல்ல ஆசாரி சிரித்துக்கொண்டே காலை அடியில் கொடுத்து விடுவார்.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

ஸ்டாண்டு எப்படி விழுகிறது தெரியுமா? கால் ஒடிந்து விழும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று அங்குலச் சதுரக் கால் நேராக நின்றால் இந்தப் பாரத்தைப்போல் பல மடங்கைத் தாங்கும். ஸ்டாண்டு ஒடிந்து விழுவதில்லை, சாய்ந்து விழுகிறது.

அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியை எடுங்கள். உள் தட்டை வெளியே இழுத்துவிட்டு வெறும் மேலுறையை நிற்க வைத்து, மேலே விரலை வைத்துப் பக்கவாட்டில் இலேசாகத் தள்ளுங்கள். ஒரு பக்கமாகப் படுத்து விடுகிறது. நாலு பக்கமும் அப்படியே இருக்கின்றன, ஒன்றும் ஒடியவில்லை. ஆனாலும் பெட்டி விழுந்து விட்டது. இப்போது உள் தட்டைச் செருகிவிட்டுத் தள்ளுங்கள். அசைகிறதா பாருங்கள்!

ஸ்டாண்டுக்கு அந்த உள் தட்டு போன்றதுதான் முதுகுப் பலகையும் பக்கப் பலகைகளும். பின்பக்கம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மேலே ஒன்று என்று பிளைவுட்டை ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்குருவாகப் போட்டு இறுக்கிவிட்டால், முன்பக்கம் திறந்திருந்தாலும் ஸ்டாண்டு சாயாது. பலகை வேண்டாம் என்றால் மூன்று பக்கங்களிலும் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஸ்டாண்டில், ஓடி விளையாடும் பையன் ஒருவன் மோதுவதே போதும்.

பையன் என்றதும் ஞாபகம் வருகிறது. குழந்தைகள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி எட்டிப் பார்ப்பார்கள். ஆகையால் இரண்டு இரும்பு எல்-பட்டைகளால் ஸ்டாண்டின் முதுகைச் சுவரோடு பிணைத்து விடுங்கள். ஐந்து நிமிஷ வேலை, ஆயுசுக்கும் நிம்மதி.

உப்புக் காற்றும் இரும்பும்

"எங்கள் வீட்டுக்காரருக்கு இரும்பு வேலைதான் வரும்" என்று திருவொற்றியூர்ச் சகோதரிகள் சொல்லக்கூடும். நியாயந்தான். 1950-களிலிருந்தே எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் செய்து பழகிய பிரதேசம். வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள எல்-ஆங்கிளில் இதே அளவுக்குச் செய்துகொள்ளலாம். விதி மாறுவதில்லை. மேல்சட்டம் கால் மேல் உட்கார வேண்டும். குறுக்குப் பட்டை இருக்க வேண்டும்.

ஆனால் கடலோரத்தில் இரும்புக்கு எதிரி கனம் அல்ல, காற்று. உப்புத் துகள் இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்கிறது. தொழிற்சாலைப் புகையில் கந்தக வாயு கலந்திருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் வைத்த இடந்தான். பற்றவைத்ததும் அந்தக் கறுப்புப் பொருக்கைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். "நாளைக்கு அடிக்கலாம்" என்று விட்டால் ராத்திரிக் காற்றிலேயே செம்மண் நிறம் வந்துவிடும். பிரைமர் காய்ந்த பிறகு எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டு. சதுரக் குழாயில் செய்தால் திறந்த முனைகளை அடைத்து விடுங்கள். இல்லாவிட்டால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும்.

மர ஸ்டாண்டுக்கும் வார்னிஷோ பெயிண்டோ எல்லாப் பக்கமும் பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமும், கால்களின் அடிப்பக்கமும்தான் முக்கியம். தினம் தரை துடைக்கிற ஈரத்தை முதலில் குடிப்பது கால்தான். காலுக்கு அடியில் ரப்பர் புஷ்ஷோ கிரானைட் துண்டோ வையுங்கள். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரசமட்டம்

ஸ்டாண்டை அதன் இடத்தில் வைத்தாயிற்று. பின்னால் வயருக்கும் குழாய்க்கும் நாலு அங்குலம் இடைவெளி விட்டு, சுவரோடு பிணைக்கும் பட்டைகளையும் அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். இனி ரசமட்டத்தை நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை குறுக்கே என்று மூன்று விதமாகவும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். தரை சரிந்திருந்தால் காலுக்கு அடியில் தகரத் துண்டோ பிளாஸ்டிக் துண்டோ கொடுத்துச் சரி செய்யலாம். அட்டையை மடித்து வைக்காதீர்கள். அது நசுங்கும், ஈரத்தில் கூழாகும். தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் ஆப்பு வைப்பது அதைவிட ஆபத்து.

பிறகு தொட்டியை வைப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோவுக்குமேல் எடை உள்ளது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியாவது, அரிசி மூட்டையைச் சேர்த்தாவது, 300 கிலோவுக்குமேல் பாரத்தை ஒரு நாள் முழுவதும் ஸ்டாண்டின் மேல் ஏற்றி வையுங்கள். முனகல் சத்தம் கேட்கிறதா? மூட்டு விலகுகிறதா? குமிழி நகர்ந்திருக்கிறதா? கேன் விழுந்தால் துடைத்து விடலாம். தொட்டி விழுந்தால் துடைக்க முடியாது.

பரீட்சையில் தேறிவிட்டதா? பலகையின் மேல் அரை அங்குலத் தெர்மோகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன மணல் பரல் சிக்கினாலும் பாரம் அந்த ஒரு புள்ளியில் குத்தும். தெர்மோகோல் அதை உள்வாங்கிக் கொள்ளும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்ட தொட்டியானால் இது தேவையில்லை.

தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். கால் தொட்டி ஊற்றிப் பாருங்கள். பிறகு அரைத் தொட்டி. அப்படியே ஒரு நாள் விட்டு மறு நாள் நிரப்புங்கள். இப்போது ரசமட்டமே வேண்டாம், தண்ணீரே ரசமட்டம்! நீர்மட்டத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் உள்ள இடைவெளியை நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சாய்வு இருக்கிறது. தண்ணீரை இறைத்துவிட்டுச் சரி செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது நீங்கிய பிறகுதான் மீன் விட வேண்டும் என்பதால் எப்படியும் இரண்டு நாள் காத்திருக்கத்தான் போகிறோம்.

மின்சாரம்

ஸ்டாண்டு செய்யும்போதே மின்சாரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும். பிளக் போர்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. பக்கவாட்டில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மறுபடி மேலேறி வர வேண்டும். அப்படி இருந்தால் வயர் வழியே வழிந்து வரும் துளி, பிளக்குக்குள் போகாமல் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

காற்று மோட்டாரைச் சிலர் அழகுக்காக ஸ்டாண்டின் உள்ளே ஒளித்து வைப்பார்கள். கரண்டு போகும்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக மோட்டாருக்கு இறங்கிவிடும். அதை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். அல்லது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே கரண்டை நிறுத்தும் டிரிப்பர் வீட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைப்பது, அடுப்பை அணைப்பது போலப் பழக்கமாகிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. வாராவாரம் தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்ற வேண்டியிருக்கும். அதாவது மூன்று நாலு குடம். அந்தக் குடங்களை யார் தூக்குவது என்பதையும் ஸ்டாண்டு செய்கிற அன்றே பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். மீன் வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தவர்களே தூக்குவது என்பது நியாயமான ஏற்பாடு! இறைத்த தண்ணீர் வீணில்லை. ரோஜாத் தொட்டிக்கும் கருவேப்பிலைக் கன்றுக்கும் அது நல்ல உரம்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். பொன்மீனைப் புகழ்வார்கள். ஏஞ்சல் மீனின் இறகைப் புகழ்வார்கள். கூழாங்கல்லின் நிறத்தைக்கூடப் புகழ்வார்கள். ஸ்டாண்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது சரியாக நிற்கிறது என்பதற்கு அதைவிட நற்சான்று வேண்டியதில்லை. தாங்குகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை என்பது குடும்பம் நடத்துகிற பெண்களுக்குத் தெரியாத சங்கதியா, என்ன!